உயிரோடு இருப்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்

உ

கோலசிலாங்கூர்,
புதன்கிழமை.

உலு யாம், சம்பந்தி திரு. கார்த்திகேசு அவர்களுக்கும் தங்கை புனிதவதி அம்மாளுக்கும் தனபாலன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். மற்றவர்கள் கடிதத்தை நலத்தில் ஆரம்பிப்பார்கள். என் நிலைமைக்கு நான் அதற்கும் ஒரு படி கீழே இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அங்கு தாங்களும் தங்கையும் மற்ற பிள்ளைகளும் அவ்வாறே உயிரோடு இருக்க முருகனை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டி ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். கடிதத்தை ஒருவருக்கு எழுதினால் ஒருவருக்குத்தான் போகும், ஊர் முழுக்கப் போகாது. அந்த ஒரு நற்குணத்துக்காகவே இனிச் சாகும்வரை, அதாவது உண்மையாகச் சாகும்வரை, கடிதம்தான் எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

கடந்த வெள்ளிக்கிழமை நான் இறந்த செய்தி கிடைத்து, நீங்கள் மாலையும் வேனுமாகப் புறப்பட்டு பெஸ்தாரி ஜெயா வரை வந்து, அங்கே நான் இறக்கவில்லை என்று தெரிந்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதை அறிவேன். வந்தது வந்தீர்கள், இன்னும் கொஞ்ச தூரம் வந்து என்னை உயிரோடு ஒரு தடவை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பரவாயில்லை, இறந்தால் மட்டும் பார்க்க வேண்டிய ஆள் நான் என்று எடுத்துக்கொள்கிறேன். நேற்று தொலைபேசியில் “என்னதான் நடந்துச்சு சம்பந்தி, இந்தப் பையன் வாயத் தொறக்க மாட்டேங்கிறான்” என்றீர்கள். அவன் திறக்க மாட்டான். அதுதான் விஷயமே. ஆவணியில் வைத்திருக்கும் நித்தியா – அகிலன் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது உங்கள் மகன் வாயிலிருந்து வர வேண்டிய ஒரே ஒரு பெயரில் இருக்கிறது. என்ன பெயர், எதற்குப் பெயர் என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், நான் எவ்வளவு பொறுமையாகச் செத்தேன் என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் பழைய தோட்டத்து ஆட்களின் மரண சகாயச் சங்கத்துக்கு நான் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். தோட்டத்தை விற்று, குடியிருந்த லயத்தை இடித்து, சனம் புதுக் குடியிருப்புகளுக்கு, தாமான் தாமானாகப் பிரிந்துபோன பிறகும் ஒருவர் இறந்தால் எல்லாரும் கூடுவது இந்தச் சங்கத்தால்தான். முன்பெல்லாம் ஒருவர் போய்விட்டால் நான் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசி போட வேண்டும். யாரையாவது விட்டுவிட்டால் தீர்ந்தது. “எங்களுக்குச் சொல்லல, நாங்க என்ன மனுசன் இல்லையா” என்று அந்தக் குடும்பம் அடுத்த தலைமுறைக்கும் நம் வீட்டு வாசலை மிதிக்காது. கல்யாணத்துக்குக் கூப்பிடாமல் விட்டால்கூட மன்னிப்பார்கள், சாவுக்குச் சொல்லாமல் விட்டால் மன்னிக்க மாட்டார்கள். இந்தத் தொல்லைக்கு விடிவாகத்தான் கைப்பேசியில் ஒரு செயலி செய்யலாம் என்று யோசனை வந்தது. கணினி படித்த மகள் வீட்டில் இருக்கிறாள், கணினி படித்த மாப்பிள்ளை வரப்போகிறார், சங்கத்துக்கு இதைவிட நல்ல நேரம் வருமா? பெயரைத் தட்டினால் போதும், உறுப்பினர் அத்தனை பேருக்கும் துக்கச் செய்தி பறக்கும். அதோடு கூடாரக்காரர், ஐஸ் பெட்டிக்காரர், மேளம், வேன் என்று எல்லாருக்கும் உத்தரவும் தானாகவே போய்விடும். இறந்தவரைத் தவிர யாருக்கும் ஒரு வேலையும் இல்லை.

இவர்களுடைய அலுவலகம் எங்கே என்றால், பட்டணத்தில் நஜ்முதீன் பாய் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். உங்கள் மகன் அகிலன்தான் அங்கே தலை. என் மகள் நித்தியா ஒருத்தி, பாயின் மகள் ஃபஹீமா ஒருத்தி. ஃபஹீமாவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். மற்ற இருவரும் செய்ததில் தப்பு கண்டுபிடிப்பதுதான் வேலையாம். சம்பளம் கொடுத்துத் தப்பு கண்டுபிடிக்க ஆள் வைத்திருக்கிறார்கள்! எங்கள் வீட்டில் லெட்சுமி அதை இத்தனை வருடமாக இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறாள். தினமும் காலையில் மூவரும் வட்டமாக நின்றுகொண்டு, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எனக்கு எது தடையாக இருக்கிறது என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். நாற்காலி இருக்கிறது, ஆனாலும் நிற்பார்கள். உட்கார்ந்தால் பேச்சு நீண்டுவிடுமாம். நான் ஒருநாள் போயிருந்தேன், நின்றுகொண்டே பேசினேன், எனக்கு ஒன்றும் பேச்சு குறையவில்லை. ரொட்டி சானாய் ஆறிப்போனதுதான் மிச்சம்.

சிறு பிள்ளைகள், அனுபவம் இல்லாதவர்கள். ஆகையால் தலைவர் என்ற முறையில் நான்தான் அடிக்கடி மேல்மாடிக்கு ஏறிப்போய் வழிகாட்ட வேண்டியதாயிற்று. முதலில் வந்து, “மாமா, பழகிப் பாக்கிறதுக்கு ஒரு செயலி, நெசத்துக்கு ஒரு செயலி, ரெண்டு வேணும்” என்றார் அகிலன். ஒரு சங்கத்துக்கு எதற்கப்பா இரண்டு? ஒன்றை ஒழுங்காகச் செய்தால் போதாதா என்று ஒரே போடாகப் போட்டேன். பிறகு நித்தியா வந்து, பழகுகிற வரைக்கும் பட்டியலில் பொய்ப் பெயராகப் போட்டு வைக்கிறோம் அப்பா, ‘சோதனை ஒன்று, சோதனை இரண்டு’ என்று இருக்கட்டும் என்றாள். சனிக்கிழமை திறப்பு விழாவுக்கு டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனுஷர் வருகிறார், திரையில் ‘சோதனை ஒன்று’ என்று தெரிந்தால் சங்கத்தின் மானம் என்னாவது? உண்மையான உறுப்பினர் பட்டியலையே ஏற்றச் சொன்னேன். பட்டியலில் முதல் பெயர் தலைவர் பெயராகத்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன், அது ஒரு மரியாதை.

அப்புறம் ஃபஹீமா ஒரு யோசனை சொன்னாள், கேளுங்கள். முதலில் ஐந்தாறு பேருக்கு மட்டும் செய்தி போகிற மாதிரி வைத்துக்கொள்வோம், அது ஒழுங்காகப் போனால் கொஞ்சம் கொஞ்சமாக மற்றவர்களுக்குத் திறந்துவிடலாம் என்றாள். படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது? சாவுச் செய்தியை ஐந்தாறு பேருக்கு மட்டும் சொல்வதாம்! மீதி சனம் நாளைக்கு என் சட்டையைப் பிடிக்காதா? எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும், ஒருத்தர் விடுபடக் கூடாது என்று அடித்துச் சொன்னேன். அனுப்பியதைத் திரும்பப் பெற ஒரு பொத்தான் வைக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்றார்கள். இறந்தவர் திரும்பி வரப்போகிறாரா, அதற்கு எதற்குப் பொத்தான் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்றேன். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதையும் ஏத்தக் கூடாது அங்கிள், எங்க தொழில்ல அப்படி ஒரு வழக்கம் இருக்கு” என்று அந்தப் பெண் மறுபடியும் ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமையைவிட மங்கலமான நாள் எது? நான் நேராகக் கீழே இறங்கி, “பாய், உங்க பொண்ணு எதச் சொன்னாலும் வேணாம் வேணாங்குது, கொஞ்சம் சொல்லி வைங்க” என்று நஜ்முதீன் பாயிடம் சொல்லிவிட்டு வந்தேன். அதன்பிறகு அவள் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்படியாக வேலை சுறுசுறுப்பாக நடந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுநாள் விழாவுக்கு வருகிறவர்களுக்காக நண்டு வாங்கலாம் என்று மோட்டாரில் சுங்கை செம்பிலாங் போயிருந்தேன். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். படகுத்துறையில் நம் பழைய தோட்டத்து ஆள் ஒருவர் கைப்பேசியைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கோ என்னமோ, நமக்கெதற்கு என்று நண்டோடு கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தால் தெரு அடைத்துக் கார், வேன் என்று காடிகள் நிற்கின்றன. என் வீட்டு வாசலில் பாதிக் கூடாரம் எழும்பிவிட்டது, மீதி எழும்பிக்கொண்டிருக்கிறது. தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, அதற்குள் கூடாரக்காரன் ஒருவன், “அண்ணே, சும்மா நிக்காதீங்கலா, அந்த நாற்காலியக் கொஞ்சம் எறக்குங்க” என்றான். துக்க வீட்டில் மறுப்பது முறையா? நண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு லோரியிலிருந்து நாற்காலி இறக்கினேன். சம்பந்தி, என் சாவுக்கு நாற்காலி இறக்கிய முதல் ஆள் நான்தான். இறக்கிக்கொண்டே யாரப்பா போயிட்டாங்க என்று கேட்டேன். “சங்கத் தலைவரு” என்றான். எனக்கு அப்போதும் புரியவில்லை பாருங்கள், தலைவர் என்றதும் முந்தைய தலைவரைத்தான் நினைத்தேன். நல்ல மனுஷனா என்று கேட்டேன். “நல்லவருதான், மைக்க மட்டும் கையில குடுத்துறக் கூடாது” என்றான்.

உள்ளே லெட்சுமி அழுதுகொண்டிருந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் யார் யாருக்கு நாற்காலி போதவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நான் தலைக்கவசத்தைக் கழற்றியதும் முன்வரிசையில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள் வைத்த ராகத்திலேயே அலறினார்கள். நடுக்கூடத்தில் என் மைத்துனன் சேது, சங்கத்தின் துணைத் தலைவர், நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தான். “மச்சான் விட்டுட்டுப் போன பொறுப்ப, மனசு இல்லாட்டியும், நான் தற்காலிகமா ஏத்துக்கிறேன்” என்பதுவரை வந்துவிட்டான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். லெட்சுமி எழுந்து வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு பையைப் பிடித்துப் பார்த்தாள். “இத்தன பேரு வர்ற நாளு பாத்து இந்தக் கொஞ்சூண்டு நண்டயா வாங்கிட்டு வருவீங்க” என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நிறைய அழுதாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குள் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. கொண்டுவந்த பையனிடம் ஆள் சாகவில்லை, எடுத்துக்கொண்டு போ தம்பி என்றேன். அவனால் போக முடியாதாம். பெட்டிக்குள் ஆள் இருக்கிற மாதிரி படம் எடுத்து அனுப்பினால்தான் வேலை முடிந்ததாக நம் செயலி ஏற்றுக்கொள்ளுமாம். இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘அன்னார் காத்திருக்கிறார்’ என்று அவனுக்கு மணி அடித்துக்கொண்டே இருக்குமாம். அடித்தது, நானே கேட்டேன். “அங்கிள், ஒரே ஒரு நிமிசம் படுத்து எந்திரிச்சிருங்களேன், ஒரு போட்டோ எடுத்துட்டு ஓடிருறேன்லா” என்று கெஞ்சினான். நான் வைத வசவில் கூடாரக்காரன் இன்னொரு பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டான். கடைசியில் சேதுதான் படுத்து எழுந்தான். அவன் எதற்கும் தற்காலிகமாகத் தயாராக இருப்பவன்.

இதற்கிடையில் மேல்மாடியில் மூன்று பேரும் தலைகால் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு கைப்பேசியை எடுத்து, வேன்காரருக்கும் மேளக்காரருக்கும் வழியில் இருந்த சொந்தக்காரர்களுக்கும் தொலைபேசி போட்டுத் திருப்பியிருக்கிறார்கள். உங்கள் வேனைத் திருப்பியதும் அப்படித்தான். ஆனால் எல்லாருக்கும் மறுப்புச் செய்தி அனுப்ப வேண்டுமே? திரும்பப் பெறும் பொத்தான் இல்லை. செயலிக்குத் தெரிந்தது ஒரே ஒரு வாசகம்தான், அது துக்க வாசகம். அதற்குள்ளேயே நுழைத்து அனுப்பினார்கள். என்ன போனது தெரியுமா? “மறைந்த திரு. தனபாலன் அவர்கள் உயிரோடு இருக்கிறார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். அன்னாரின் ஆன்மா சாந்தியடைய வேண்டுகிறோம்.” இதையும் நம் சனம் படித்ததா? ஒருவரும் படிக்கவில்லை. முதல் செய்திக்குப் போட்ட அதே கும்பிடு, அதே ‘ஓம் சாந்தி’ இதற்கும் வரிசையாக வந்தது. ஒருவர் மட்டும் ‘எப்போது அடக்கம்’ என்று கேட்டிருந்தார். விழா ரத்தாகிவிட்டது. டத்தோ மலர்வளையம் அனுப்பியிருந்தார், அதை வைக்க இடமில்லாமல் பின்கட்டில் வைத்திருக்கிறோம். அன்றிலிருந்து செயலியும் என்னை உள்ளே விட மறுக்கிறது. இறந்தவர்களுக்கு அனுமதி இல்லையாம்.

திங்கட்கிழமை, நடந்ததை ஆராய ஒரு கூட்டம் வைக்கிறோம், நீங்களும் வாருங்கள் என்று உங்கள் மகன் அழைத்தார். அந்தக் கூட்டத்துக்கு அவர்கள் வழக்கத்தில் போஸ்ட்மார்ட்டம் என்று பெயராம். என்னுடையதற்கு என்னையே அழைத்த மாப்பிள்ளை உலகத்தில் இவர் ஒருவர்தான் இருப்பார். போனேன். வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாகப் போட்டு அம்புக்குறி இழுத்து வைத்திருந்தார். கூட்டத்தின் முதல் விதி, யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்பதாம். செத்தவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, கொன்றது யார் என்று கேட்கக் கூடாதாம்! எனக்கு வந்ததே கோபம்.

“எல்லாம் சரிப்பா, பொத்தான அமுக்குனது யாரு?” என்றேன்.

“யாருன்னு கேக்காதீங்க மாமா. எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க.”

“எப்படின்னு எனக்கே தெரியும். வெரலால அமுக்கி நடந்துச்சு. அந்த வெரலு யாரோடது?”

“மாமா, யாருன்னு தேட ஆரம்பிச்சா, அடுத்த தடவ தப்பு நடக்கும்போது எல்லாரும் மறைச்சிருவாங்க. வெள்ளிக்கிழம அமுக்குன ஆளு அதே நிமிசத்துல சொல்லிட்டாங்க, ‘நான்தான் தெரியாம அமுக்கிட்டேன், எல்லாருக்கும் போயிருச்சு’ன்னு. அதனாலதான் பாதிப் பேர வழியிலேயே நிறுத்த முடிஞ்சுச்சு. பயந்து ஒளிச்சிருந்தா உங்களுக்குக் கருமாதி வரைக்கும் போயிருக்கும்.”

பார்த்தீர்களா, கருமாதி வரை விடாமல் காப்பாற்றியதற்கு நான் நன்றி வேறு சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இந்தச் சமயத்தில் அந்த ஃபஹீமா, சம்பந்தமே இல்லாமல், “நான் மொதல்லயே வேணாம்னு சொன்னேன் அங்கிள். நீங்க வாப்பாகிட்டப் போய்ச் சொன்னீங்க. வாப்பா என்னைய ஏசிட்டாரு. அதுக்கப்புறம் நான் எதயும் சொல்றதில்ல” என்றாள். எதற்கு எதைக் கோக்கிறாள் பாருங்கள். நஜ்முதீன் பாய் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். அவருக்கு ஏதோ வியாபாரக் கவலை.

சம்பந்தி, நான் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன். அங்கே ஒரு தப்பு நடந்தால் துரை என்னிடம் “யார்?” என்பார். நான் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரிடம் “யார்?” என்பேன். மண்டோர் அன்றைக்கு லீவில் இருக்கும் ஒருவன் பெயரைச் சொல்வார். லீவு முடிந்து வந்ததும் அவனைக் கூப்பிட்டு ஏசுவோம், இல்லாவிட்டால் ஒருநாள் சம்பளத்தைப் பிடிப்போம். எவ்வளவு சுத்தமான முறை! அதே தப்பு அடுத்த மாதமும் நடக்கும், அடுத்த மாதம் லீவில் இருப்பவன் கிடைப்பான். முப்பது வருடத்தில் ஒருமுறைகூடக் குற்றவாளி கிடைக்காமல் நாங்கள் கூட்டத்தை முடித்ததில்லை. இவர்கள் என்னவென்றால் அம்புக்குறி போடுகிறார்கள்.

ஆகவே எழுந்து நின்று கேட்டேன். பெயரைச் சொல்கிறாயா இல்லையா? அகிலன் எழுந்தார். “மன்னிச்சிருங்க மாமா, சொல்ல மாட்டேன்” என்றார். சொல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் இல்லை என்றேன். உங்கள் மகனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை, பலகைத் துடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “அப்படியும் சொல்ல மாட்டேன் மாமா” என்றார். என் மகளோ தலையைக் குனிந்துகொண்டு பொலபொலவென்று கண்ணீர் விட்டாள். இப்படி ஒரு பிடிவாதக்காரனுக்கா கழுத்தை நீட்டப்போகிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். பெற்றவனுக்குத் தெரியாதா பிள்ளையின் மனசு?

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. லெட்சுமி என்னிடம் பேசுவதே குறைந்துவிட்டது. பேசினாலும், “நீங்க செத்துட்டீங்கன்னு சொன்ன அன்னிக்குக்கூடப் பொண்ணு ஒரு வாய் சாப்பிட்டுச்சு. நீங்க பொழச்சு வந்து கூட்டத்துக்குப் போனதுலருந்து பட்டினி கெடக்குது” என்கிறாள். நித்தியா அறையை விட்டு வெளியே வருவது காலையில் ஒருமுறைதான். அடுப்படியில் வந்து நிற்பாள், அலுவலகத்தில் நிற்பது போலவே. “நேத்து அழுதேன். இன்னிக்கும் அழுவேன். தடை: அப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரே மகள். இவள் கல்யாணத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று இருந்தவன் நான். செத்தேன் என்று ஊரெல்லாம் சொன்னபோது வராத பயம், இவள் அந்தக் கதவைச் சாத்தும்போது வருகிறது. ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? இன்று மாமனாரைக் கொன்றவனைக் காட்டிக்கொடுக்காதவன், நாளைக்குக் குடும்பத்தில் என்னென்ன மறைப்பான்?

ஆகையால் என் முடிவு இது. தாங்கள் பெற்ற தகப்பன் என்ற முறையில் மாப்பிள்ளையை உட்கார வைத்து, பெயரை வாங்கி, எழுத்தில் எனக்கு அனுப்ப வேண்டும். பெயர் வந்தால் கல்யாணம். வராவிட்டால் பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நானே நேரில் போய் இல்லை என்று சொல்லிவிடுவேன். என் சாவையே இல்லை என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவனுக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இதில் மாற்றமில்லை, சமாதானமும் வேண்டாம். தங்கை புனிதவதிக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று லெட்சுமி கேட்கச் சொன்னாள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்கள் குலதெய்வமும் எங்கள் குலதெய்வமும் அனைவரையும், கைப்பேசியிலும் வெளியிலும், காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உயிரோடு உள்ள,
தனபாலன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடி எழுந்தபோது நித்தியா அறையிலிருந்து வந்தாள். கடிதத்தை எடுத்து முழுவதும் படித்தாள். நான் தடுக்கவில்லை, என் எழுத்தை அவள் ரசிப்பாள் என்று நினைத்தேன். படித்து முடித்து, “அப்பா, பொத்தான அமுக்குனது நான்தான்” என்றாள். “பழகிப் பாக்கிறோம்னு நெனச்சு மொதப் பேர அமுக்கினேன். அமுக்கினதும் தெரிஞ்சிருச்சு, அங்கேயே கத்திட்டேன்.” உனக்காகத்தானாம்மா அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “எனக்காக இல்லப்பா. சேது மாமா அமுக்கியிருந்தாலும் அவரு பேரச் சொல்லியிருக்க மாட்டாரு” என்றாள். அப்படியானால் நீயாவது ஏன் என்னிடம் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்றேன். “ஆபீஸ்ல ஒரு நிமிசத்துல சொல்ல முடிஞ்சுச்சுப்பா. வீட்லதான் பயமா இருந்துச்சு” என்றாள்.

இதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல், சரி, அது எப்படித்தான் நடந்தது என்று கேட்டுவிட்டேன். அந்தப் பலகையில் இருந்ததை அவள் வாயாலேயே சொன்னாள். அமுக்கியதும் ஏன் எல்லாருக்கும் போனது? பழகிப் பார்க்க வேறு செயலி இல்லை. ஏன் இல்லை? வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏன் ஐந்தாறு பேரோடு நிற்கவில்லை? அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. “போதும்பா, பசிக்குது, வாங்க சாப்பிடலாம்” என்றாள். இருவரும் சாப்பிட்டோம். லெட்சுமி இரண்டாவது தடவை சோறு வைத்தாள்.

ஆகவே மேலே எழுதியிருப்பதையெல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். புதிதாக எழுதலாம் என்றால் கை வலிக்கிறது. கல்யாணம் குறித்த நாளில் நடக்கும். நாளைக் காலையில் நான் மேல்மாடிக்கு ஏறப்போவதில்லை. கீழேயே நின்று நஜ்முதீன் பாயிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கிறது, அவர் மகளிடமும் பேச வேண்டியிருக்கிறது. மாப்பிள்ளையை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் பக்கத்தில் யாராவது இதைச் செய்தது யார் என்று கேட்டால், அப்படிக் கேட்பது நம் குடும்பத்தில் வழக்கமில்லை என்று சொல்லிவிடவும். எப்படி நடந்தது என்று கேட்டால், தயவுசெய்து அதையும் கேட்க வேண்டாம் என்று சொல்லவும்.